வயிற்றில் பெரிய அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பிறகு: எந்த அறிகுறிக்கு என்ன செய்வது

மும்பையில் குடும்பம் நடத்தும் தமிழர் பலருக்குப் பெற்றோரும் உடன்பிறந்தோரும் ஊரில் இருக்கிறார்கள். இங்கே கணவனுக்கோ மனைவிக்கோ வயிற்றைத் திறந்து பெரிய அறுவைச் சிகிச்சை நடந்தால், டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து நர்சும் சமையல்காரரும் காவலும் மற்றவர்தான். என் மனைவிக்குப் பெருங்குடலில் ஒரு பகுதியை அகற்றினார்கள். எங்கள் வீடு செம்பூரில், லிப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில். மணியை அடித்தால் ஓடி வரும் ஆள் இல்லாத அந்த வீட்டில், இது சாதாரணமா ஆபத்தா என்று ராத்திரி 2 மணிக்கு முடிவெடுக்க வேண்டியவர் நான் ஒருவன்தான். அதே இடத்தில் நிற்கும் இன்னொருவருக்காக இதை எழுதுகிறேன். குடலோ இரைப்பையோ கருப்பையோ, வீட்டில் வரும் தொல்லைகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. உங்கள் டிஸ்சார்ஜ் தாளில் வேறு விதமாக எழுதியிருந்தால் அந்தத் தாளையே பின்பற்றுங்கள்.

எல்லா அறிகுறிக்கும் பொதுவான கேள்வி ஒன்று உண்டு: நேற்றைவிட இன்று எப்படி? தேறுவது மெதுவாக நடக்கலாம், ஒரு நாள் அப்படியே நின்றும் போகலாம். ஆனால் அடங்கியிருந்த வலி கூடுகிறது, இறங்கிய காய்ச்சல் மறுபடி ஏறுகிறது, சாப்பிடத் தொடங்கியவர் தட்டைத் தள்ளுகிறார் என்றால் உள்ளே ஏதோ கோளாறு. இதைக் கண்டுபிடிக்க ஒரு நோட்டுப்புத்தகம் வேண்டும். காலையும் மாலையும் உடல் வெப்பம், நாடித் துடிப்பு, குடித்த தண்ணீர், கழித்த சிறுநீர், வாயு பிரிந்ததா, மலம் போனதா, எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். மருத்துவரிடம் போனில் பேசும்போது "கொஞ்சம் காய்ச்சல் மாதிரி இருக்கிறது" என்று சொல்வதைவிட "நேற்று 99, இன்று மாலை 101" என்று சொன்னால் அவர் உடனே முடிவெடுப்பார்.

இவை வந்தால் மேலே படிக்க வேண்டாம், கிளம்புங்கள்

திடீரென மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, இருமலில் ரத்தம். காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவமனைக்கே போக வேண்டும் என்று நகரம் முழுக்கக் கடக்க வேண்டாம். பக்கத்திலிருக்கும் பெரிய அவசரப் பிரிவுக்குப் போங்கள். எங்கள் பகுதிக்கு அது சயான் மருத்துவமனை.

வயிறு உப்பிக் கல்லாக இறுகி, பச்சையாக வாந்தி வருவது. குடல் அடைப்பாகவோ உள்ளே கசிவாகவோ இருக்கலாம். வாயில் தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம்.

தையல் பிரிந்து உள்ளிருப்பது வெளியே தெரிவது. பார்த்தாலே கை நடுங்கும் காட்சி இது. எதையும் உள்ளே தள்ள முயலக் கூடாது. நோயாளியை மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, சலைன் நீரில் நனைத்த சுத்தமான காஸ் துணியால் மூடி ஆம்புலன்ஸை அழையுங்கள். இதற்காகவே ஒரு சலைன் பாட்டிலையும் காஸ் பாக்கெட்டையும் முதல் நாளே வாங்கி வைப்பது நல்லது.

மலத்திலோ வாந்தியிலோ ரத்தம், தார்போலக் கறுத்த மலம், ஆள் அடையாளம் தெரியாமல் உளறுவது, எழுப்பினாலும் விழிக்காமல் இருப்பது: இவையும் இந்தப் பட்டியலில்தான்.

மகாராஷ்டிரத்தில் ஆம்புலன்ஸ் எண் 108. அழைத்தால் மராத்தியிலோ இந்தியிலோ பேசுவார்கள். அந்த மொழிகளில் தடுமாறுபவர் வீட்டு முகவரி, அருகிலுள்ள அடையாளம், எந்த மாடி, என்ன அறுவைச் சிகிச்சை, எந்தத் தேதி என்பதைத் தமிழ் எழுத்தில் இந்தி வாக்கியங்களாகவே எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வைக்கலாம். பதற்றத்தில் தெரிந்த மொழியும் வராது. இன்னொன்று: ஆட்டோக்கள் சயானுக்கும் பாந்த்ராவுக்கும் தெற்கே போகாது. மருத்துவமனை பரேலிலோ அதற்குத் தெற்கிலோ இருந்தால் தொடக்கத்திலேயே டாக்சி பிடியுங்கள்.

காய்ச்சல் அடிக்கிறது

100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை மறைத்துவிட்டு மறுநாள் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். வலிக்காக ஏற்கெனவே அந்த மாத்திரை போய்க்கொண்டிருந்தால் காய்ச்சல் வெளியே தெரியாமலும் இருக்கலாம். அதனால் மாத்திரை கொடுப்பதற்கு முன்பு வெப்பம் பாருங்கள்.

குடலை வெட்டி இணைத்தவர்களுக்கு முதல் 2 வாரம் கூடுதல் கவனம் வேண்டும். இணைத்த இடம் கசிந்தால், பல நேரங்களில் காய்ச்சலுக்கு முன்பே நாடி ஓடத் தொடங்கிவிடும். படுத்து ஓய்வில் இருக்கும்போதும் நிமிடத்துக்கு 100-க்கு மேல் துடித்துக்கொண்டே இருந்தால், "களைப்பாக இருக்கும்" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் போன் செய்யுங்கள். மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணும் பழக்கத்தை வார்டு நர்சிடமே கற்றுக்கொண்டு வாருங்கள். இந்த ஒரு பழக்கத்தை நான் எல்லாருக்கும் வற்புறுத்திச் சொல்வேன்.

காயத்தைப் பார்த்தால் பயமாக இருக்கிறது

தழும்பை ஒட்டி மேடாக, கெட்டியாக ஒரு வரி தட்டுப்படும். தையல் ஓரம் அரிக்கும். சுற்றியுள்ள தோல் மரத்துப்போயிருக்கும். மாதக்கணக்கில்கூட அப்படி இருக்கலாம். இவையெல்லாம் ஆறும் காயத்தின் இயல்பு.

சிவப்பு பரவுவது, தொட்டால் சூடாக இருப்பது, சீழ், நாற்றம் ஆகியவை இயல்பல்ல. சிவப்பு எதுவரை இருக்கிறதோ அதன் விளிம்பில் பேனாவால் கோடு போட்டுவிடுங்கள். சில மணி நேரத்தில் கோட்டைத் தாண்டியிருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. தினமும் ஒரே நேரத்தில், ஒரே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வைப்பதும் உதவும்.

ஒரு வாரம் கழித்து, காய்ந்திருந்த காயத்திலிருந்து இளஞ்சிவப்பாக நீர் திடீரென நிறையக் கசிந்து துணியை நனைத்தால், வலியே இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மேல் தோல் சேர்ந்திருக்க, அடியில் தசையடுக்கின் தையல் விட்டுப்போவதற்கான முன்னறிவிப்பு அது.

மஞ்சள், தேங்காயெண்ணெய், வேப்பிலைச் சாறு எதையும் தடவ வேண்டாம். அக்கறையில்தான் ஊரிலிருந்து சொல்வார்கள். குளிக்க அனுமதி வந்த பிறகு சோப்பு நீர் காயத்தின்மேல் வழிந்து ஓடினால் போதும். தேய்க்காமல் ஒற்றித் துடைக்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் துணி காயாது. ஈரம் தங்கிய உள்ளாடையும் வயிற்றுப் பட்டையும் காயத்தின்மேல் கிடந்தால் தோல் ஊறிப் புண்ணாகும். இஸ்திரி போட்டு உலர்த்திய பருத்தித் துணியை மட்டும் உடுத்தக் கொடுங்கள். பட்டை இரண்டு இருந்தால் ஒன்றைத் துவைக்கும்போது மற்றதைக் கட்டலாம். நடக்கும்போது கட்டி, படுக்கும்போது கழற்றிவிடுவதே வழக்கம். மூச்சு முட்டும் அளவுக்கு இறுக்கக் கூடாது.

வலி தாங்கவில்லை

"கொஞ்சம்தான் வலிக்கிறது, நீங்கள் போய் வேலையைப் பாருங்கள்" என்று சொல்பவரை நம்பாதீர்கள். முகத்தையும் மூச்சையும் பாருங்கள். வலியைப் பொறுத்துக்கொள்பவர் ஆழமாக மூச்சு விடமாட்டார், இருமமாட்டார், நடக்கமாட்டார். அதனால் சளி தங்கி நிமோனியா வரும், காலில் ரத்தம் உறையும், குடல் அசையாமல் கிடக்கும். வலி மாத்திரை தேறுவதற்கான வழியைத் திறந்துவிடும் மருந்து. பொறுக்க முடியாமல் போனபின் கொடுத்தால் அது வேலை செய்ய நேரமாகும். முதல் சில நாட்கள் எழுதிக் கொடுத்த நேரத்துக்கு, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், கொடுங்கள். குளியலுக்கோ நடைக்கோ முக்கால் மணி நேரம் முன்பு ஒரு வேளை வருமாறு அமைத்துக்கொள்ளலாம்.

கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. டிராமடால் கலந்த வலி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமாலும் 325 மில்லிகிராம் இருக்கும். அதைத் தவிர, தனியாக 650 மில்லிகிராம் மாத்திரையும் போய்க்கொண்டிருக்கும். எல்லாம் சேர்த்து ஒரு நாளுக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. ஈரல் பாதிப்போ மிகக் குறைந்த உடல் எடையோ உள்ளவருக்கு அளவு இன்னும் குறைவு. அட்டையைத் திருப்பி என்ன கலந்திருக்கிறது என்று படியுங்கள். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்றவற்றை மருந்துக்கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டாம். சிறுநீரகத்தையும் இரைப்பையையும் அவை கெடுக்கலாம்.

வயிற்றைத் திறக்காமல் சிறு துளைகள் வழியே, லேப்ராஸ்கோப்பி முறையில் செய்தவர்களுக்குத் தோள்பட்டை வலிக்கும். உள்ளே செலுத்திய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது. சில நாட்களில் போய்விடும்.

மலம் போகவில்லை, வயிறு உப்புகிறது

முதலில் கேட்க வேண்டியது: வாயு பிரிகிறதா? பிரிகிறது, வாந்தி இல்லை, சாப்பிடுகிறார் என்றால் அவசரமில்லை. குடல் மெதுவாக விழிக்கிறது. டிராமடால் அதை இன்னும் மந்தமாக்குகிறது. வெந்நீர், வீட்டுக்குள் நடை, மருத்துவர் எழுதித் தந்த லாக்டுலோஸ் போன்ற மலமிளக்கி மருந்து ஆகியவை போதும். முக்க விடக் கூடாது. எனிமா, விளக்கெண்ணெய், நாட்டு மருந்து எதுவும் கேட்காமல் வேண்டாம். குடலில் புதிதாகத் தைத்த இணைப்பு இருக்கும்போது எனிமா அதையே கிழித்துவிடலாம். இசப்கோலைக்கூட மருத்துவர் சரி என்ற பிறகே தொடங்குங்கள்.

வாயுவும் பிரியாமல், வயிறும் உப்பி, குமட்டலும் சேர்ந்தால் மேலே சொன்ன அவசரப் பட்டியலுக்குப் போங்கள்.

சாப்பிட மறுக்கிறார்

இந்த இடத்தில் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு பத்தியம். பருப்பு சாப்பிட்டால் சீழ் வைக்கும், முட்டை சூடு, மீன் ஆகாது, தயிர் சளி என்று ஒவ்வொருவரும் ஒன்றை விலக்க, கடைசியில் நோயாளிக்கு மிஞ்சுவது ரசஞ்சாதமும் கஞ்சியும்தான். காயத்தைச் சேர்ப்பது புரதம். பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்பார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் கிட்டத்தட்ட அதே அளவு, 100 கிராம் பன்னீரில் சுமார் 18 கிராம். கஞ்சியில் மிகச் சொற்பம். பருப்பைப் பகையாக நினைக்கும் பெரியவர்களிடம் இதை மரியாதையோடு, ஆனால் விட்டுக்கொடுக்காமல் சொல்லுங்கள். "அத்தை, டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கிறார்" என்று தாளைக் காட்டினால் வாக்குவாதம் வளராது. அதற்காகவே உணவு பற்றி மருத்துவரிடம் இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். சிறுநீரக நோய் இருப்பவருக்கு மட்டும் புரத அளவை மருத்துவர் சொல்ல வேண்டும்.

மூன்று வேளைத் தட்டு நிறைய வைத்தால் பார்த்ததுமே குமட்டும். ஆறு வேளை, சிறு கிண்ணம். இட்லியோடு நன்றாக மசித்த பருப்பு, முட்டை போட்ட கஞ்சி, கெட்டித் தயிர், வேகவைத்த மீன், பாசிப்பருப்புப் பாயசம். குடல் அறுவைச் சிகிச்சையாக இருந்தால் முதல் சில வாரங்கள் நார் குறைந்த உணவைச் சொல்வார்கள். கீரை, முருங்கைக்காய், வேர்க்கடலை, தேங்காய்ச் சில் எல்லாம் பிறகு வரட்டும். பசி வரும் நேரத்தைக் கவனியுங்கள். பெரும்பாலானவர்களுக்குக் காலையில்தான் வரும், அப்போது சத்தானதைக் கொடுத்துவிடுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர் வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டு பாதிச் சாப்பாடு சாப்பிட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். வியர்த்து, கை நடுங்கினால் உடனே அளந்து பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸோ சர்க்கரையோ தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி அளக்க வேண்டும்.

இரும முடியவில்லை, சளி கட்டுகிறது

தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்லுங்கள். கையால் தாங்குவதைவிட வலி நன்றாகக் குறையும். மூன்று உருண்டைகள் உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியைக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள்; பல வீடுகளில் அது டிவி மேல் அலங்காரமாக நிற்கிறது. விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை, பத்து மூச்சு. ஊதுவதற்கல்ல, உறிஞ்சுவதற்கு.

எழுந்திருக்கவே கஷ்டப்படுகிறார்

கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது. அவர் வயிறும் இழுபடும், உங்கள் முதுகும் போகும். முழங்காலை மடக்கி, உடம்பு முழுவதையும் ஒரே சமயத்தில் பக்கவாட்டில் புரட்டி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி எழ வேண்டும். நீங்கள் தோளுக்குப் பின்னால் கைகொடுத்தால் போதும். எழுந்ததும் ஒரு நிமிடம் உட்கார்ந்து, தலைசுற்றல் இல்லை என்று தெரிந்தபின் நிற்கட்டும். பாய் விரித்துத் தரையில் படுக்கும் பழக்கத்தைச் சில வாரங்கள் தள்ளிவையுங்கள். குந்தும் கழிப்பறை மட்டும் இருக்கும் வீட்டில் கமோட் நாற்காலி ஒன்றை வாடகைக்கு எடுக்கலாம்.

படி ஏறலாம். எங்கள் கட்டடத்தில் மாடிக்கு மாடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு வைத்தோம். பக்கத்து வீட்டு மராத்திக் குடும்பம் தங்கள் நாற்காலியைத் தாங்களாகவே கொண்டுவந்து வைத்தது. தூக்குவதுதான் கூடாது. 6 வாரத்துக்கு 4, 5 கிலோவுக்கு மேல் எதுவும் வேண்டாம் என்பது பொதுவான விதி. நிறைந்த 20 லிட்டர் வாளி 20 கிலோ. நிறைந்த வீட்டு எரிவாயு சிலிண்டர் இரும்போடு சேர்த்துச் சுமார் 30 கிலோ. அரிசி நிறைய வைத்த பெரிய குக்கரும், ஓடிவந்து இடுப்பில் ஏறும் குழந்தையும் இந்தக் கணக்கில் வரும். நீங்கள் வேலைக்குப் போன நேரத்தில் தண்ணீர் வந்தால் அவர் எழுந்து பிடிக்கப் போவார். அதற்கு முன்பே வேறு ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறது

இரண்டு காலும் லேசாக வீங்குவது வேறு. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, வலித்து, சூடாக இருந்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். பிடித்துவிடாதீர்கள், எண்ணெய் தேய்க்காதீர்கள், அன்றே காட்டுங்கள். புற்றுநோய்க்காக வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க வீட்டிலும் ஊசி தொடரச் சொல்வார்கள், பெரும்பாலும் 28 நாள் வரை. "நன்றாகத்தானே நடக்கிறார்" என்று நடுவில் நிறுத்திவிடக் கூடாது. ஊசி போட்ட இடத்தைத் தேய்த்தால் ரத்தம் கட்டும்.

சிறுநீர் வரவில்லை, எரிகிறது

6 முதல் 8 மணி நேரம் போகாமல், அடிவயிறு முட்டினால் மருத்துவமனைக்கு. குறைவாக, கரும் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை. எரிச்சலும் குளிரும் சேர்ந்தால், மருத்துவமனையில் சிறுநீருக்குக் குழாய் வைத்திருந்ததால் வந்த தொற்றாக இருக்கலாம்.

ஸ்டோமா பை விரைவாக நிறைகிறது

குடலை வயிற்றுத் தோலுக்கு வெளியே கொண்டுவந்து வைத்த திறப்புதான் ஸ்டோமா; மலம் அதன் வழியே பையில் சேரும். அது உதட்டின் உட்புறம்போலச் சிவந்து ஈரமாக இருக்க வேண்டும். கறுத்தாலோ ஊதா நிறமானாலோ உடனே போங்கள். சிறுகுடலிலிருந்து வைத்த ஸ்டோமாவில் ஒரு நாளில் ஒன்றரை லிட்டருக்கு மேல் வெளியேறினால் உப்பும் நீரும் வற்றி, சிறுநீரகம் பாதிக்கப்படும். வெறும் தண்ணீரை மேலும் மேலும் குடித்தால் வெளியேறுவது கூடுமே தவிரக் குறையாது. உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி என்று அச்சிட்ட ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை, ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் முழு ஒரு லிட்டரில் கரைத்துக் கொடுத்துக்கொண்டே மருத்துவரை அழையுங்கள். பை மாற்ற நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். முகம் சுளிக்காமல் ஒருமுறை நீங்கள் மாற்றிவிட்டால், அவருக்கு அந்த உடம்போடு உங்கள் முன் இருக்கும் கூச்சம் பாதி போய்விடும்.

எரிந்து விழுகிறார், அல்லது பேசுவதே இல்லை

குளிப்பாட்டிவிடும் கையையே தட்டிவிடுவார்கள். வலி, தூக்கமின்மை, அடுத்தவரிடம் எல்லாவற்றுக்கும் கையேந்தும் நிலை எல்லாம் சேர்ந்து வெளிவருவது அது. சின்ன முடிவுகளை அவரிடமே விடுங்கள்: எந்தச் சேலை, எத்தனை மணிக்குக் குளியல், யார் பார்க்க வரலாம். வருகிறவர்கள் கட்டிலில் உட்கார்ந்து, இதே அறுவைச் சிகிச்சையில் இறந்துபோன உறவினரின் கதையைச் சொல்லத்தான் செய்வார்கள். வாசலிலேயே "தூங்குகிறார், பத்து நிமிடம் போதும்" என்று சொல்லும் பொறுப்பு உங்களுடையது. யாரும் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

வயதானவர் திடீரென ஒரே நாளில் குழம்பினால் அது மனக்கவலை அல்ல. காய்ச்சல், சர்க்கரை, சிறுநீர் மூன்றையும் சரிபாருங்கள், மருத்துவரை அழையுங்கள். அழுகையும் வெறுமையும் 2 வாரத்துக்கு மேல் நீண்டால் அதற்கும் சிகிச்சை உண்டு. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ்: 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். உங்களுக்கே தூக்கம் போய், சோறு இறங்காமல், அவர்மேல் காரணமில்லாமல் எரிச்சல் வருகிறதென்றால் அந்த எண் உங்களுக்கும்தான். வாரத்தில் சில வேளையாவது சாப்பாட்டை வெளியே வாங்கிவிடுங்கள். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வீட்டுச் சாப்பாடுபோலக் கட்டிக் கொடுக்கும் இடங்களுக்குக் குறைவில்லை.

வெளியே போகலாமா

டாக்சியில் போகலாம். வயிற்றுக்கும் சீட் பெல்ட்டுக்கும் நடுவே சிறு தலையணை வையுங்கள், மழைக்காலக் குழிகளில் அது காப்பாற்றும். நெரிசல் நேர லோக்கல் ரயில் 6 வாரத்துக்கு அறவே வேண்டாம். ஒரு முழங்கை இடித்தால் போதும்.

மாதங்கள் கழித்துத் தழும்பருகே புடைப்பு

நிற்கும்போதும் இருமும்போதும் புடைத்து, படுத்தால் மறைந்தால், தசையடுக்கு விலகிக் குடலிறக்கம் வந்திருக்கலாம். ஓராண்டு கழித்தும் வரும். புடைப்பு உள்ளே போகாமல் கெட்டியாகி, வலியும் வாந்தியும் சேர்ந்தால் அது அவசரம். இல்லையென்றால் அடுத்த ஓ.பி.டி. நாளில் காட்டலாம். பரிசோதனை மேசையில் மல்லாக்கப் படுக்க வைத்துப் பார்த்தால் புடைப்பு மறைந்துவிடும். வீட்டில் நிற்க வைத்துப் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவரிடமும் நிற்க வைத்து, இருமச் சொல்லிப் பார்க்கும்படி கேளுங்கள்.